கொல்கத்தாவில் ஒரு லாட்ஜ் மேனேஜர்

ஜனவரி 13, திங்கள்

இந்த டைரி ரத்தப் பரிசோதனைக் கடைக்காரர் வருடாவருடம் இலவசமாகக் கொடுப்பது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'வெறும் வயிற்றில் வரவும்' என்று அச்சடித்திருக்கும். வந்த அன்றே அம்சா வாங்கி வைத்துக்கொள்வாள், கோலம் போட்டுப் பார்க்க. இந்த வருடம் கேட்க ஆள் இல்லை. வெறும் தாளாகக் கிடப்பானேன் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

என் பெயர் தனகோட்டி. வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் இருக்கும் லாட்ஜுக்கு இருபத்திரண்டு வருடமாக மேனேஜர். எங்களிடம் தங்குவது முக்கால்வாசி வங்காளத்து நோயாளிகளும் அவர்களோடு துணைக்கு வருபவர்களும்தான். மொட்டை மாடி அறையில் எங்கள் வீடு. பிள்ளைகள் இல்லை. அம்சா போன ஆகஸ்டில் இறந்துபோனாள்.

இன்று போகி. துக்கம் நடந்த வீட்டில் இந்த வருடம் பொங்கல் கிடையாது. அக்கா வந்து பார்த்துவிட்டு, "அடுப்பு மூட்டாத வீட்ல கல்லுப் பிள்ளையார் மாதிரி உக்காந்துகினு இருக்காதடா. எங்கியாவது போய்ட்டு வா" என்றாள். அவள் மகன் புவனேஷ் ஃபோனைக் கையில் எடுத்து எந்த ஊர் என்று கேட்டான். கொல்கத்தா என்று வாயில் வந்துவிட்டது. இத்தனை வருடம் அந்த ஊர்க்காரர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுத்தவன் அந்த ஊரைப் பார்க்கவேண்டாமா? விக்டோரியா மண்டபம், மியூசியம், டிராம், மிருகக்காட்சிசாலை. முடிந்தால் சோதேபூர்.

சோதேபூரில் பார்க்க ஒன்றுமே இல்லையே மாமா என்றான் புவனேஷ், ஃபோனில் தேடிவிட்டு. தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்றேன்.

காட்பாடி ஸ்டேஷன். ரயில் தாமதம்.

ஜனவரி 14, செவ்வாய்

ரயிலில். எதிர் சீட்டில் ஓர் அம்மாள், மடியில் எக்ஸ்ரே கவர். பக்கத்தில் அவர் கணவர், வேலூரிலிருந்து திரும்புகிறவர். அவர்கள் கேட்காமலேயே "டீக் ஹோயே ஜாபே" என்றேன். சரியாகிவிடும் என்று அர்த்தம். பழக்க தோஷம். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒடிசாவில் ஒரு பெரிய ஏரி வந்தது.

ஜனவரி 15, புதன்

புவனேஷ் பிடித்துக் கொடுத்த தங்குமிடம் ஒரு பழைய பங்களா. ஹாஸ்டல் என்கிறார்கள். ஓர் அறைக்கு எட்டுப் படுக்கை, ரயிலில் போல மேலும் கீழும். இருப்பதிலேயே மலிவு என்பதால் எனக்கு மேல் படுக்கை. ஐம்பது வயதில் ஏணி ஏறித் தூங்கவேண்டும். ஆணும் பெண்ணும் ஒரே அறையில். எங்கள் லாட்ஜில் ஜோடியாக வந்தால் ஆதார் அட்டையில் கணவர் பெயரைப் பார்க்காமல் சாவி தரமாட்டேன். இங்கே சாவியே இல்லை, ஒரு பிளாஸ்டிக் அட்டைதான்.

ஒரு விரிப்பைக்கூட ஒழுங்காகச் செருகவில்லை. மனம் கேட்கவில்லை. எட்டுப் படுக்கையையும் இழுத்துச் செருகினேன். அப்போது உள்ளே வந்த வெள்ளைக்காரப் பையன் நன்றி சொல்லித் தன் ஈரத் துண்டை என் கையில் கொடுத்தான். வாங்கி உலர்த்திப் போட்டேன். வேறென்ன செய்வது.

வாசலில் 'மீண்டும் வருக' என்று பல வண்ணத்தில் எழுதியிருக்கிறார்கள். எங்கள் லாட்ஜிலும் அந்த போர்டு இருந்தது. நான் சேர்ந்த வருடமே முதலாளி அதன்மேல் வெள்ளை அடித்துவிட்டார். நோயாளியைப் பார்த்து மீண்டும் வா என்று சொல்வதா என்றார். பணத்தில் கெட்டி என்றாலும் அந்த விஷயத்தில் நல்ல மனிதர்.

வெளியே மண் குவளையில் டீ. கடைக்காரரிடம் நாலு வார்த்தை பேசலாம் என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருடத்தில் கற்ற வங்காளி எவ்வளவு இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. வலி குறைந்ததா, எந்த டாக்டர், ரிப்போர்ட் வந்ததா, காலையில் ஒன்றும் சாப்பிடவேண்டாம். அவ்வளவுதான். சௌக்கியமா என்று கேட்க நினைத்தவன் வலி குறைந்ததா என்று கேட்டுவிட்டேன். அவர் அதைக் கொஞ்சமும் தப்பாக நினைக்காமல், முழங்காலைத் தடவிக்கொண்டு, நேற்றைக்கு இன்று பரவாயில்லை என்றார்.

ஹாஸ்டல் சமையல்கட்டில் வெந்நீர் ஹீட்டரை யாரோ அணைக்காமல் விட்டிருந்தார்கள். தமிழில் திட்டிக்கொண்டே அணைத்தேன். பின்னால் ஒரு பெண் சிரித்தாள். அஃப்ரின், ஆம்பூர்ப் பெண். ஷூ கம்பெனியில் மாதிரி வரைகிற வேலையாம். பொங்கல் லீவில் தனியாக ஊர் சுற்ற வந்திருக்கிறாள். முதலில் அங்கிள் என்றாள், வேலூர் என்று சொன்னதும் அண்ணா ஆகிவிட்டேன். நாளை சேர்ந்து போகலாம் என்கிறாள்.

ஜனவரி 16, வியாழன்

விக்டோரியா மண்டபம் பார்த்தேன். வெள்ளையாக, பெரிதாக இருக்கிறது. புல்வெளியில் குரங்குக் குல்லா போட்ட குடும்பங்கள் ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருந்தன. நம் ஊர் மார்கழியில் வேட்டி துவைத்துக் காயப்போடும் வெயில் இது, இவர்களுக்கு இதுவே கடுங்குளிர். குல்லாக்காரர்கள் எல்லாரையும் எனக்குத் தெரிந்த மாதிரியே இருந்தது. இவர்கள் நோயில்லாமல் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்ததே இல்லை. சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

மியூசியத்தில் எகிப்துப் பிணம் ஒன்று கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. அஃப்ரின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் வெகுநேரம் பார்த்திருக்கிறேன் போலும், காவலாளி நகரச் சொன்னார்.

டிராமுக்குக் காத்திருந்தபோது அஃப்ரின் நேராகக் கேட்டுவிட்டாள். "நீங்க ஊர் பாக்க வந்த மாதிரியே இல்லியேண்ணா. எதப் பாத்தாலும் பஸ் போர்டு பாக்குற மாதிரி பாக்குறீங்க."

சொன்னேன். சொல்லக்கூடாது என்றும் ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் இரவில் துணைக்குப் பெண்தான் இருக்கலாம். புருஷனானாலும் வெளியேதான். அம்சாவுக்குக் கணையத்தில் வந்தது. அதுவரை துணைக்கு இருந்த அக்காவுக்குக் கடைசி வாரம் காய்ச்சல். லாட்ஜின் இரண்டாம் மாடியில் சபிதா தீதி இருந்தார். தீதி என்றால் வங்காளியில் அக்கா, தாதா என்றால் அண்ணன். கணவர் நிர்மல் ஹல்தாருக்கு ரத்தத்தில் நோய், ஏழு மாதமாக எங்கள் லாட்ஜில்தான் வாசம். அம்சாவுக்கும் அவருக்கும் மாடியில் துணி காயப்போட்டே பழக்கம். நான் கேட்கவில்லை. அவரே ஒரு போர்வையை எடுத்துக்கொண்டு வந்து, நான் இருக்கிறேன் என்றார். நான் லாட்ஜில் கவுன்டரில் உட்கார்ந்திருந்தேன். விடியற்காலை ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது. சாலையைக் கடந்து ஓடினேன். முடிந்திருந்தது.

தீதிதான் கூட இருந்தார். அம்சா கடைசியாக என்ன சொன்னாள் என்று அவருக்குத்தான் தெரியும். அன்று வீடு நிறையக் கூட்டம். கேட்க முடியவில்லை. நிர்மல் தாதாவுக்கு உடம்பு தேறிவிட்டது, மூன்றாம் நாளே சோதேபூருக்குத் திரும்ப அவர்களுக்கு ரயில். துர்கா பூஜையின்போது தீதி ஒருமுறை ஃபோன் செய்தார். நலமா என்று அவர் கேட்டார், நலமா என்று நான் கேட்டேன், பிறகு இரண்டு பேரும் சும்மா இருந்தோம். வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அழைக்கவில்லை. நானாகச் செய்யமுடியாது. ஊர் திரும்பின பார்ட்டிக்கு நாமாக ஃபோன் செய்வதில்லை என்பது லாட்ஜ் வழக்கம். யார் எடுத்து, நோயாளி போய்விட்டார் என்பார்களோ.

"அப்ப அதக் கேக்கத்தான் வந்தீங்க" என்றாள் அஃப்ரின்.

"கேக்கணும்."

"அவங்களுக்குத் தமிழ் தெரியுமாண்ணா?"

டிராம் வந்துவிட்டது. மணி அடித்துக்கொண்டு மெதுவாகப் போகிறது. நடந்தே போயிருக்கலாம்.

ஜனவரி 17, வெள்ளி

காலையில் சோதேபூர் போய்வந்தேன். லோக்கல் ரயில். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு குளம், தாமரை இலை, கரையில் துணி துவைக்கிறார்கள். நல்ல ஊர்.

மத்தியானம் மிருகக்காட்சிசாலை. வெள்ளைப் புலி தூங்கிக்கொண்டிருந்தது. ஒட்டகச்சிவிங்கி நான்கு பார்த்தேன்.

சாயங்காலம் அஃப்ரின் தோசைக்கல் தேடிக்கொண்டிருந்தாள். தீதியைப் பார்த்தீர்களா என்றாள். குளம் இருக்கிறது என்றேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு முகத்தைப் பார்த்தாள். கம்பெனியில் செருப்பில் தையல் கோணினால் இப்படித்தான் பார்ப்பாள் போலிருக்கிறது.

சரி, எழுதிவிடுகிறேன். தெருவைக் கண்டுபிடித்தேன். பச்சை கேட் போட்ட வீடு. மாடியில் நிர்மல் தாதா குல்லா போட்டுக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உயிரோடு இருந்தார். எதிர்ப்பக்க மருந்துக் கடையின் ஓரமாக நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அவர் தேறிவருகிற மனிதர். நான் துக்கக்காரன், வருடம் திரும்பவில்லை. எந்த முகத்தோடு அந்த வீட்டுக்குள் போவது? எங்கள் லாட்ஜில் ஒரு முறை இருக்கிறது. ஒரு அறையில் யாராவது தவறிவிட்டால் அந்தக் குடும்பத்தைப் பின்படி வழியாகத்தான் அழைத்துப்போவோம். மற்ற அறைக்காரர்கள் அவர்கள் முகத்தைப் பார்க்கக்கூடாது, பார்த்தால் மனசு விட்டுவிடும். பெட்டியையும் நாங்களே தூக்கிக்கொண்டு ஆட்டோ வரைக்கும் போவோம். எத்தனை பேரை நானே அப்படி இறக்கிக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். அம்சாவைக் காட்டுக்குக் கொண்டுபோன அன்று நானும் பின்படியில்தான் இறங்கினேன். யாரும் சொல்லவில்லை. கால் தானாகப் போயிற்று. அன்றிலிருந்து முன்படியில் ஏறவே இல்லை.

அஃப்ரினிடம் இதைச் சொன்னேன். வைத்த கரண்டியை மறுபடி எடுத்துக்கொண்டாள். பிறகு, "அவங்க வீட்ல வாசல் ஒண்ணுதானே இருக்கும். அதுல போங்கண்ணா" என்றாள்.

சின்னப் பெண்ணுக்குச் சொல்வது சுலபம். தோசை மட்டும் நன்றாக வந்தது. கல் கிடைக்காமல் ஆம்லெட் போடும் சட்டியில் ஊற்றினாள்.

ஜனவரி 18, சனி

காலையில் அஃப்ரின் கிளம்பிவிட்டாள். போய்விட்டு வருகிறேன் என்றாள். நல்லபடியாப் போம்மா என்றேன்.

நாளை எனக்கு ரயில். இன்று மீதி இருக்கும் இடங்கள் எவை என்று யோசித்தேன். பொட்டானிக்கல் தோட்டத்தில் ஒரு பெரிய ஆலமரம் இருக்கிறதாம். அதற்குப் போகிற பஸ்ஸில்தான் ஏறினேன். இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கிவிட்டேன். மறுபடியும் சோதேபூர் ரயில்.

அதே மருந்துக் கடை ஓரம். எவ்வளவு நேரம் நின்றிருப்பேனோ தெரியாது. பின்னாலிருந்து ஒரு கை தோளைப் பிடித்தது. நிர்மல் தாதா. இன்னொரு கையில் பை, அதிலிருந்து மீன்வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கன்னம் உப்பியிருக்கிறது. தலையில் முடி முளைத்துவிட்டது. "மேனேஜர்!" என்று கத்தி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மீன் என் சட்டையில் பட்டது.

எழுதித்தான் ஆகவேண்டும். அவர் நன்றாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரே ஆஸ்பத்திரி, ஒரே தெரு, ஒரே தண்ணீர். இவருக்குத் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போய்விட்டது. அம்சாவுக்கு ஏன் போகவில்லை? ஐந்து மாதத்தில் எனக்குச் சுள்ளென்று ஏதாவது தோன்றியது என்றால் அது இதுதான். அதுவும் ஒரு நல்ல மனிதனைப் பார்த்து.

வாசலில் தயங்கினேன். துக்கம், வருடம், உள்ளே வரக்கூடாது என்று கைஜாடையில் சொன்னேன். அவருக்கு என்ன புரிந்ததோ, செருப்பைக் கழற்ற வெட்கப்படுகிறேன் என்று நினைத்து, செருப்போடேயே வா என்று இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

சபிதா தீதி சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலரவில்லை. வெளுத்துவிட்டது. போலீஸ்காரனைப் பார்த்த மாதிரி நின்றார். தப்பான நேரத்தில் வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். பிறகு உட்காரச் சொல்லி, சங்கராந்திக்குச் செய்த அரிசிமாவுப் பலகாரம் கொண்டுவந்து வைத்தார். உள்ளே தேங்காயும் வெல்லமும். தின்றேன். நிர்மல் தாதா மீனைக் கழுவப் போனார்.

கேட்கவேண்டியதை ரயிலில் பலமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். வாயைத் திறந்தால் எனக்குத் தெரிந்த ஒரே வாக்கியம்தான் வந்தது. டாக்டரைப் பார்த்துவிட்டு வரும் துணைகளிடம் நான் தினமும் கேட்பது. "ரோகி கீ போல்ச்சே?" நோயாளி என்ன சொல்கிறார்?

என் பெண்டாட்டியை நோயாளி என்றேன். அவள் பெயரைக்கூடச் சொல்லத் தோன்றவில்லை. தீதிக்குப் புரிந்துவிட்டது. தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் புரியவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக, பாதி வங்காளியும் பாதி இந்தியுமாகச் சொன்னார்.

அம்சா பேசினாளாம். இரவு முழுக்கப் பேசினாளாம். அத்தனை நாள் வலி மருந்தில் சுருண்டு கிடந்தவள் அன்று தலையணையைத் தூக்கி வைக்கச் சொல்லி ஜாடை காட்டிவிட்டுப் பேச ஆரம்பித்தாளாம். எல்லாம் தமிழ். தீதிக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. நர்ஸைக் கூப்பிடலாம் என்று எழுந்தால் கையை விடவில்லையாம். இப்படிப் பேசுகிறவளுக்கு யாராவது பதில் சொல்லவேண்டுமே என்று தீதிக்குத் தோன்றியிருக்கிறது. லாட்ஜில் காதில் விழுந்த ஒரு சொல் அவருக்குத் தெரியும். அதைச் சொன்னாராம்.

"ஆமா" என்றார் தீதி, தமிழில். "நான் ஆமா, ஆமா என்று சொன்னேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். விடிகிற நேரத்தில் ஏதோ ஒன்று கேட்டாள். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன தெரியும்? ஆமா என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு திறக்கவில்லை."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவள் என்ன கேட்டாளோ, வேண்டாம் என்று சொல்லவேண்டியதற்குத் தான் ஆமா என்று சொல்லிவிட்டோமோ என்று இத்தனை மாதமாக அவருக்குத் தூக்கம் இல்லையாம். பூஜை சமயத்தில் அதைச் சொல்லத்தான் ஃபோன் செய்தாராம். எந்த மொழியில் சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டாராம். இப்போது நான் வாசலில் வந்து நின்றதும், அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறேன் என்று தெரிந்துவிட்டதாம். "நான் சொன்னது சரியா, தாதா?" என்று கேட்டார்.

ஆக, அம்சா பேசியது எல்லாம் போய்விட்டது. உலகத்தில் யாருக்கும் தெரியாது. ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்து நான் தெரிந்துகொண்டது இது.

எனக்குக் கோபம் வரவில்லை. அவள் பேசியிருக்கிறாள், சிரித்திருக்கிறாள், ஒரு ஆள் கையைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறாள் என்பதுதான் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. அந்த வார்டுக் கதவுக்குப் பின்னால் நடந்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தது இது இல்லை. தீதி பக்கத்தில் இருந்தும் தனியாகக் கிடந்தாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். தமிழ் வந்துவிட்டது. தீதியைப் பார்த்துத் தமிழிலேயே பேச ஆரம்பித்துவிட்டேன். லாட்ஜில் யாரிடமும் பேசாதது, அக்காவிடம் சொல்லாதது. ஆஸ்பத்திரி ரசம் அவளுக்குப் பிடிக்காமல் போனது, மாடியில் அவள் துணி இன்னும் கொடியிலேயே கிடப்பது, போகட்டும், எல்லாவற்றையும் இங்கே எழுதப்போவதில்லை. தீதி முதலில் திகைத்தார். பிறகு அவருக்கு விளங்கிவிட்டது. என் எதிரில் தரையில் சரியாக உட்கார்ந்துகொண்டு, நான் மூச்சு விடும்போதெல்லாம் "ஆமா" என்றார். மெதுவாக, கவனமாக, ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு, "ஆமா".

"தீதி, அவ என்னத் தேடினாளா?" என்று கடைசியில் கேட்டேன்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா" என்றார்.

அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. எனக்குத் தெரியும். எனக்கு அது போதும். அம்சாவுக்கும் போதுமானதாக இருந்திருக்கும் என்று அவருக்குச் சொல்ல நினைத்தேன், சொல்ல முடியவில்லை. அழுகை வந்துவிட்டது. ஆகஸ்டில் வராதது, காட்டில் வராதது, பதினாறாம் நாள் வராதது. முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பிள்ளை மாதிரி அழுதேன். தீதியும் அழுதார். நிர்மல் தாதா மீன் வாசனைக் கையோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் மூன்று டம்ளர் டீ போட்டுக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்.

ஆறின பிறகுதான் குடித்தோம். இஞ்சி அதிகம் போட்டிருந்தார்.